நாளுக்கு 40 ஆர்டர், ஆர்டருக்கு 5 பொருள்: எதை வெளியே கொடுப்பது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துப் பூஜைப் பொருள் விற்கும் சகோதரியின் கேள்வி இது. ஷோப்பி, டிக்டாக் ஷாப் இரண்டிலும் சேர்த்து நாளுக்கு 40 ஆர்டர். திருவிழா நெருங்கினால் 150 வரை போகிறது. கணவரும் மனைவியும், உதவிக்கு ஒரு பிள்ளையும். இரவு ஒரு மணி வரை பேக்கிங். ஷா ஆலமில் உள்ள ஒரு கிடங்கு, பேக்கிங் செய்து அனுப்ப முதல் பொருளுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), அதே பார்சலில் போகும் அடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் 40 காசு என்று விலை சொல்லியிருக்கிறது. அதோடு வாடிக்கையாளர் சாட் பார்த்துத் தர ஒருவர், நேரலையில் பொருள் காட்டி விற்கும் லைவ் செய்ய ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். எதைக் கொடுக்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

ஐந்து வேலைகளைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் உண்மையில் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: பேக்கிங்கைக் கொடுத்துவிட்டால் மற்றதற்கெல்லாம் நேரம் கிடைக்குமா, கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்களா? பண்டகசாலை வேலையும் இணைய வணிகக் கணக்கும் எனக்குத் தொழில் என்பதால் அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். என் பதில்: அன்றாடப் பேக்கிங்கை இப்போது கொடுக்காதீர்கள். திருவிழா செட்டுகளை மட்டும் கொடுங்கள். கணக்கு எழுதுவதைக் கொடுங்கள். கொள்முதலையும் சாட்டையும் விடாதீர்கள். காரணம் உங்கள் ஆர்டரின் அமைப்பிலேயே இருக்கிறது.

கிடங்குக்காரர் சொன்ன 2 வெள்ளி காதுக்கு மலிவாகத்தான் படும். ஆனால் பூஜைப் பொருள் வாங்குகிறவர் ஒரு பொருளோடு நிறுத்த மாட்டார். விபூதி, குங்குமம், திரி, சாம்பிராணி, கூட ஒரு ஊதுபத்தி என்று ஐந்து பொருளாவது சேர்ந்துவிடும். ஐந்து பொருள் என்றால் 2 வெள்ளியோடு நாலு முறை 40 காசு, ஆக 3 வெள்ளி 60 காசு. மாதம் 26 நாள், நாளுக்கு 40 என்றால் 1,040 ஆர்டர். கிடங்குக்கு மட்டும் 3,744 வெள்ளி. 2024 மார்ச் முதல் தளவாடச் சேவைகளுக்கும் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. கிடங்கு வரிப் பதிவுள்ள நிறுவனமென்றால் அது தனி. சரக்கு வைக்கும் வாடகை, உள்ளே இறக்கும் கூலி, பெட்டி, திரும்பி வரும் பார்சலைப் பிரித்துப் பார்க்கும் கூலி, குறைந்தபட்ச மாதக் கட்டணம் எல்லாம் வழக்கமாக விலைப்பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே பேக்கிங்குக்கு ஒரு முழுநேர ஆள் வைத்தால் வரும் கணக்கு இது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. முதலாளி கட்டும் ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, 221 வெள்ளி. சொக்சோவும் (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) வேலைக்காப்புறுதியும் சேர்த்து 30 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஆக 1,950 வெள்ளியை ஒட்டி வரும். ஆர்டருக்கு 1 வெள்ளி 88 காசு. விடுப்பு, மருத்துவ விடுப்பு, நீங்கள் மேற்பார்வை பார்க்கும் நேரம் என்று இன்னொரு 500 வெள்ளி ஏற்றிப் பார்த்தாலும் 2 வெள்ளி 40 காசைத் தாண்டாது. இதுவே ஆர்டருக்கு ஒரே ஒரு பொருள் போகும் வியாபாரமாக இருந்தால், கைபேசி உறையோ சட்டையோ விற்பவராக இருந்தால், இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அவருக்கு நான் கிடங்கைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஒரு ஆர்டரில் எத்தனை பொருள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிற எண். ஐந்து என்பது நீங்கள் நினைவிலிருந்து சொன்னது. விற்பனையாளர் பக்கத்தில் கடைசி மூன்று மாத ஆர்டர் பட்டியலை இறக்கி, ஓர் ஆர்டர் எண்ணுக்கு எத்தனை பொருள் என்று எக்ஸலில் எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது இன்னொன்றையும் பார்க்கவும்: அதிகம் விற்கும் 20 பொருளுக்குள்ளேயே முழுதாக அடங்கிவிடும் ஆர்டர் எத்தனை? நன்றாக ஓடுவதை மட்டும் கிடங்குக்கு அனுப்பலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கலந்து வாங்கும் கடைக்கு அது பொறி. விபூதி ஷா ஆலமிலும் விளக்கு பட்டர்வொர்த்திலும் இருந்தால் ஒரே ஆர்டர் இரண்டு பார்சலாகப் பிரியும், அஞ்சல் செலவும் இரண்டு. முழுதாக அடங்கும் ஆர்டர் பாதிக்கும் கீழே இருந்தால் சரக்கைப் பிரிக்காதீர்கள். இந்தப் பாதி என்ற கோடு என் கணிப்பு. மேலே சொன்ன கூட்டல் பெருக்கல் கணிப்பு இல்லை.

பணத்தைத் தவிர, உங்கள் சரக்கே கிடங்குக்கு ஒத்துவராத சரக்கு. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். விமானச் சரக்கு விதிகளில் ஆபத்தான பொருள் பட்டியலில் 4.1 என்ற வகையில் வருகிறது. சபா, சரவாக் போகும் பார்சல் விமானத்தில் ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கற்பூரம் உள்ள எதையும் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் விற்காதபடி அமைத்துவிடுவது நல்லது. கிடங்குக்காரரிடம் கற்பூரம் இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பிவைத்து நாளைக்குத் தீ ஏதும் பிடித்தால், காப்புறுதி பேச்சு உங்கள் பக்கம் திரும்பும். சாம்பிராணி, ஊதுபத்தி வாசனை பக்கத்துத் தட்டில் இருக்கும் துணிக்கு ஏறும். சில கிடங்குகள் அதற்காகவே வேண்டாம் என்பார்கள். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் போத்தலை மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, நிற்கவைத்துத்தான் கட்ட வேண்டும். படுக்கவைத்தால் எண்ணெய் கசிந்து குங்குமத்தோடு சேர்ந்து பெட்டியே சிவந்துவிடும். விபூதிப் பொட்டலத்துக்கு இரட்டைப் பை, மேலே பெரிதாகப் பெயர். பெயரில்லாத வெள்ளைப் பொடியை ஸ்கேனரில் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி அளவும் அப்படித்தான். கூரியர்கள் எடையையும் கன அளவையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் அல்லது 6000-ஆல் வகுப்பது, கூரியரைப் பொறுத்து. 900 கிராம் உள்ள ஒரு சின்ன செட்டை 30, 25, 20 அளவுப் பெட்டியில் போட்டால் 5000 கணக்கில் 3 கிலோ. கிடங்கில் மூன்று அளவுப் பெட்டிதான் இருக்கிறது என்றால் உங்கள் 900 கிராம் தினமும் 3 கிலோவாகத்தான் போகும். வீட்டில் அந்தப் பிள்ளை பெட்டியை அறுத்து மடித்துச் சின்னதாக்குகிறதே, அந்தக் காசு இப்போது எந்தக் கணக்கிலும் தெரியவில்லை.

அதனால் முதல் வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரவு ஒரு மணி ஆவதற்குக் காரணம் ஆள் குறைவு மட்டும்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் தட்டு அடுக்கிய விதம்தான் காரணமாக இருக்கும். ஒரு ஆர்டரை எடுத்து, ஐந்து பொருளைத் தேடி, கட்டி, அடுத்த ஆர்டருக்கு மறுபடி நடப்பது என்றால் ஒன்றுக்கு எட்டு பத்து நிமிடம் தாராளமாகப் போகும். நாற்பதுக்கு ஆறு மணி நேரம். அதிகம் ஓடும் 25 பொருளை மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். குனிந்து எடுப்பதும் ஏணி வைத்து எடுப்பதும் மாதத்துக்கு ஒருமுறை போகும் பொருளாக இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் எண் கொடுத்து, அதே எண்ணைப் பொருளின் கடைக் குறியீட்டோடு சேருங்கள். பத்துப் பத்து ஆர்டராக லேபிள் அடித்து, பத்துக்கும் வேண்டிய பொருளை ஒரே நடையில் கூடையில் எடுத்துவந்து, மேசையில் பிரித்துக் கட்டுங்கள். காலையில் வேலையில்லாத அரை மணியில் பெட்டியை மடித்து அடிப்பக்கம் டேப் ஒட்டி அடுக்கிவையுங்கள். மேசைக்கு மேலே ஒரு சின்னக் கேமரா, லேபிளும் பொருளும் ஒரே படத்தில் தெரியும்படி. உடைந்தது, வரவில்லை என்ற புகாருக்கு அதுதான் உங்கள் சாட்சி. இவ்வளவையும் செய்தால் ஆர்டருக்கு ஐந்தாறு நிமிடத்துக்கு இறங்குவது சாதாரணமாக நடக்கிற காரியம்.

அப்படியும் போதவில்லை என்றால் மாலை நேரத்துக்குப் பகுதிநேர ஆள். குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கூலி 8 வெள்ளி 72 காசு. நாலு மணி நேரம், 26 நாள் என்றால் 907 வெள்ளி; அதற்கும் சேமநிதி, சொக்சோ உண்டு. சொந்தக்காரப் பிள்ளைதானே என்று கையில் காசு கொடுத்துவிடுவது நம்மிடையே வழக்கம். விளக்குப் பெட்டி காலில் விழுந்து எலும்பு முறிந்தால் சொக்சோ இல்லாத அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி கிடங்கு எங்கே உதவும் என்பது. தைப்பூசத்துக்கு முன் இரண்டு வாரம், நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை. அப்போது ஆர்டர் நாலு மடங்காகிறது, ஆனால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பொருள்களைத்தான் கேட்கிறார்கள். பன்னிரண்டு பொருள் கொண்ட பால்குட செட்டைக் கிடங்கில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினால் உங்களுக்குச் சொன்ன விலையில் 6 வெள்ளி 40 காசு. அதையே நீங்கள் ஓய்வான மாதத்தில் வீட்டில் செட்டாகக் கட்டி, பெட்டியை மூடி, ஒரே பார்கோடு ஒட்டி அனுப்பினால் அது கிடங்குக்கு ஒரு பொருள்: 2 வெள்ளி. அவர்கள் செய்ய வேண்டியது லேபிள் ஒட்டுவது மட்டும். கற்பூரத்தை அந்தச் செட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்; எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிற சரக்குதான். கார்த்திகை அகல் விளக்கு செட் அனுப்புவதற்கு முன் கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் ஆறு பக்கமும் விழும்படி போட்டுப் பாருங்கள். ஒன்று உடைந்தாலும் கட்டு போதாது.

ஷா ஆலமா, செபெராங் பிறையிலேயே ஒன்றா என்பதற்கு வாங்குபவர்களின் மாநிலத்தைப் பாருங்கள். போஸ்ட்கோட் 4, 5-இல் தொடங்கினால் பெரும்பாலும் சிலாங்கூர், கோலாலம்பூர்; 10 முதல் 14 வரை பினாங்கு. மூன்றில் இரண்டு பங்கு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு, அதாவது சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் போகிறது என்றால் ஷா ஆலம் கிடங்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும். இல்லையென்றால் ஜூரு, புக்கிட் மின்யாக் பக்கம் ஒன்று பாருங்கள். தகராறு என்றால் அரை மணியில் நேரில் போய் நிற்கலாம். விடுமுறை வித்தியாசத்தையும் குறித்துவையுங்கள். ஜூலை 7 பினாங்கில் விடுமுறை, சிலாங்கூரில் வேலை நாள். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள். அன்று இங்கே ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே கதவு மூடியிருக்கும். பார்சல் தாமதமானால் ஷோப்பி போன்ற தளம் போடும் தண்டப் புள்ளி கிடங்குக்கு இல்லை, உங்கள் கடைக்குத்தான்.

தொடங்கும் மாதம் முக்கியம். தீபாவளிக்கு முந்திய மாதம் புதுக் கிடங்கோடு சேராதீர்கள். ஓய்வான மாதத்தில் பத்துப் பொருளை மட்டும் அனுப்பி 30 நாள் பாருங்கள். உங்கள் உறவினர் பெயரில் ஐந்தாறு ஆர்டர் போட்டு வரவழைத்துக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஐந்து பொருளின் இருப்பை எண்ணிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். கிடங்கில் வேலை செய்பவருக்கு காமாட்சி விளக்கும் ஐந்து முக விளக்கும் பெயர் சொன்னால் தெரியாது. 3 அங்குல விளக்கும் 4 அங்குல விளக்கும் படத்தில் ஒன்றுபோல இருக்கும். ஆகவே பார்கோடு ஸ்கேன் செய்யாமல் கண்ணால் பார்த்து எடுக்கும் கிடங்கு உங்களுக்கு ஆகாது. 200 பார்சலில் ஒன்றுக்கு மேல் பொருள் மாறிப்போனால் நான் நிறுத்திவிடச் சொல்வேன். வேறு சரக்குக்கு இது கடுமையான அளவாக இருக்கலாம். நாளைக்கு விசேஷம் வைத்திருக்கும் வீட்டுக்குத் தவறான பொருள் போனால் திருப்பி அனுப்பிக் காசு வாங்குவதோடு அது முடியாது.

சாட்டை வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம், உங்கள் கடையில் சாட்தான் விற்பனை. "பால் காய்ச்சப் போறோம், என்னென்ன வேணும்?" என்று கேட்கிறவருக்குப் பட்டியல் சொல்லத் தெரிந்தவர் பத்துப் பொருள் விற்பார், தெரியாதவர் "வணக்கம், எப்படி உதவலாம்?" என்று ஒட்டிவைப்பார். "எப்போ வரும்?", "முகவரி மாத்தணும்" மாதிரிக் கேள்விகளுக்கு மட்டும் தயார்ப் பதில் எழுதிவையுங்கள். இரவு நேரச் சாட்டை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இத்தனை வெள்ளி வரை கேட்காமலே திருப்பித் தரலாம் என்று ஒரு வரம்பு எழுதிக் கொடுங்கள், 15 வெள்ளி போதும். துணைக் கணக்கு திறந்து கொடுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லும், ஓடிபி வரும் கைபேசியும், பணம் விழும் வங்கிக் கணக்கும் உங்களிடமே இருக்கட்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தனிநபர் தரவு. 2025 ஜூன் 1 முதல், கடுமையான பாதிப்பு தரக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. வாட்சப் குழுவில் லேபிள் படத்தைப் போட்டுப் பேசும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

லைவ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா பிடிப்பதையும் துண்டு வெட்டிப் போடுவதையும் கொடுங்கள், பேசுவது நீங்களாக இருங்கள். பொருளைப் படம் எடுப்பது வேறு: பித்தளை மினுங்கும், வெளிச்சம் பட்டால் வெள்ளையாக அடிக்கும். அதற்குத் துணி போட்டு மட்டுப்படுத்திய விளக்கு தெரிந்த படக்காரர் வேண்டும். அந்த வேலையைத் தாராளமாக வெளியே கொடுங்கள். ஒருமுறை எடுத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். விளக்கின் உயரம், எடை, எத்தனை மில்லி எண்ணெய் பிடிக்கும் என்ற விவரத்தை மட்டும் நீங்களே அளந்து எழுதுங்கள்.

விளம்பரத்தில் என்னால் கணக்குப் பக்கம்தான் சொல்ல முடியும். 30 வெள்ளிப் பொருளில் சரக்கு விலை, தளம் பிடிக்கும் கழிவு (கமிஷன்), பெட்டி, கூலி எல்லாம் போக 9 வெள்ளி நிற்கிறது என்றால், விளம்பரத்துக்கு ஒரு வெள்ளி போட்டு 3 வெள்ளி 33 காசு விற்றால்தான் கைநட்டம் இல்லாமல் நிற்கும். இந்த எண்ணைப் பொருள்வாரியாக நீங்கள் சொல்லத் தெரியாதவரை யாரிடமும் கொடுக்காதீர்கள். செலவில் விழுக்காடு கேட்பவருக்குச் செலவு கூடக் கூட லாபம். நிலையான மாதக் கூலி பேசுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கணக்கு எழுதுவதைக் கொடுத்துவிடலாம், ஒரு கண் வைத்துக்கொண்டு. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் பிழை, தளம் வங்கியில் போடும் தொகையையே விற்பனை என்று எழுதிவிடுவது. கழிவும் அஞ்சலும் போன பிறகு வருவது அது. வாடிக்கையாளர் கொடுத்த முழுத் தொகை விற்பனை, கழிவு தனிச் செலவு. மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் முதல் கட்டங்கட்டமாக வருவது ஆண்டு விற்பனையை வைத்துத்தான் என்பதால், இந்தப் பிழை உங்களைத் தவறான கட்டத்தில் உட்கார வைத்துவிடும். நீங்கள் எந்தக் கட்டம் என்பதை உங்கள் புத்தகத்தைப் பார்த்த கணக்காளரிடம் கேளுங்கள். வெளியிலிருந்து சொல்வது சரியாகாது. ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதன் ஒரு நகல் உங்களிடம். கணக்காளர் தவறாகத் தாக்கல் செய்தாலும் வருமான வரி வாரியம் கேட்பது உங்களைத்தான். வாரம் ஒருமுறை, தளம் அனுப்பியதாகச் சொல்லும் தொகையும் வங்கியில் விழுந்ததும் ஒன்றா என்று பார்ப்பது பதினைந்து நிமிட வேலை. அதைக் கொடுக்காதீர்கள்.

கொள்முதல் யாருக்கும் இல்லை. வார்ப்பு விளக்கில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை இருக்கும். தண்ணீர் ஊற்றி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வைத்தால் காலையில் தாள் சொல்லிவிடும். கண்ணாடி மேல் வைத்து விரலால் தட்டினால் ஆட்டம் தெரியும். ஒரு பெட்டிக்கு இரண்டு எடுத்துப் பார்க்கும் இந்த வேலை, சரக்கு உங்கள் வீட்டு வாசலில் இறங்குவதால்தான் நடக்கிறது. நேராகக் கிடங்குக்கு இறக்கினால் நடக்காது.

கிடங்கோடு கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: சரக்கு இறங்கி எத்தனை மணி நேரத்தில் விற்பனைக்குத் தயாராகும், அன்றே அனுப்ப ஆர்டர் எத்தனை மணிக்குள் வர வேண்டும், காணாமல் போனால் வாங்கிய விலையா விற்கும் விலையா, கட்டும் வீடியோவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் (திருப்பி அனுப்பும் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்), கட்டணத் தகராறு வந்தால் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா. கடைசியாகச் சொன்னது இருந்தால் அதற்கு ஒரு வரம்பு போடச் சொல்லுங்கள்: நிலுவை 800 வெள்ளி என்றால் 800 வெள்ளிச் சரக்கு மட்டும், மீதி ஏழு நாளில் வெளியே. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செட் முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டால், தைப்பூசம் முடிந்த மறுநாள் அது கிடைத்தாலும் வாங்க ஆள் இருக்காது.